மூச்சை அடக்கி எடுக்கும் கல்லீரல் எம்ஆர்ஐ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரல் எம்ஆர்ஐ எடுக்க வருகிறவர்கள் கவுன் மாட்டும்போதும், மேசையில் படுத்த பிறகும், முடித்து வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போதும் என்னிடம் கேட்டவை இவை. நான் டெக்னீஷியன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் 'தம் கட்டுங்க' என்று சொல்கிற ஆள். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட் டாக்டர். அதனால் உங்கள் ஈரலில் என்ன இருக்கிறது என்பதற்கு இங்கே பதில் இல்லை. படம் எப்படி விழுகிறது, அதில் உங்கள் கையில் இருப்பது எவ்வளவு என்பதைச் சொல்கிறேன்.

தலைக்கு எம்ஆர்ஐ எடுத்தபோது மூச்சைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ஈரலுக்கு மட்டும் ஏன்?

தலை இருந்த இடத்தில் இருக்கும். ஈரல் இருக்காது. அது உதரவிதானத்துக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் மூச்சை இழுத்தால் கீழே இறங்கும், விட்டால் மேலே ஏறும். அமைதியாகப் படுத்திருக்கும்போதே இந்த ஏற்ற இறக்கம் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஆழமாக மூச்சு வாங்கினால் இன்னும் அதிகம். டாக்டர் தேடுகிற கட்டியோ பல சமயம் 1 சென்டிமீட்டர்தான்.

போட்டோவில் ஆள் அசைந்தால் அவர் மட்டும் கலங்கித் தெரிவார். எம்ஆர்ஐ அப்படி இல்லை. இது ஒரே கிளிக்கில் விழுகிற படமல்ல. நூற்றுக்கணக்கான வரிகளாகத் தகவலைச் சேகரித்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் படம் வருகிறது. ஒவ்வொரு வரியிலும் முழுப் படத்தைப் பற்றிய தகவல் கொஞ்சம் இருக்கிறது. அதனால் நடுவில் சில வரிகள் கெட்டாலும் கறை படம் முழுக்கப் பரவும். வயிற்றுச் சுவரின் நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஈரல்மேல் கோடு கோடாக விழும். நாங்கள் அதை 'கோஸ்ட்' என்போம். நிஜமாகவே பேய் மாதிரிதான் இருக்கும்: இல்லாத இடத்தில் எதையோ காட்டும், இருக்கிற கட்டியை மறைக்கும்.

ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் அடக்க வேண்டும்? மொத்தம் எத்தனை தடவை?

ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 நொடி. ஊசி மருந்தோடு சேர்த்து முழுப் பரிசோதனைக்கு நான் ஏறக்குறைய 12 முதல் 15 தடவை சொல்ல வேண்டியிருக்கும். இடையில் ஓய்வு உண்டு. மேசையில் இருக்கும் நேரம் அரை மணியிலிருந்து முக்கால் மணி. வீட்டிலேயே கடிகாரத்தைப் பார்த்து 15 நொடி அடக்கிப் பாருங்கள். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். உள்ளே டமடம சத்தத்தில் அதே 15 நொடி கொஞ்சம் நீளும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, அந்த 15 நொடி எங்கிருந்து வந்தது? மனிதர்களால் முடிகிற அளவுக்கு மெஷினை யாராவது மாற்றினார்களா?

ஆமாம், உண்மையில் அதுதான் நடந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

பழைய முறையில் ஒரு வரி எடுத்துவிட்டு அடுத்த வரிக்கு அரை நொடி காத்திருக்க வேண்டும். 256 வரிகள் என்றால் 128 நொடி, அதாவது இரண்டு நிமிடத்துக்கு மேல். யாரால் அடக்க முடியும்? அதனால் நோயாளியை மூச்சு விடச் சொல்லிவிட்டு, அதே வரிகளைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி போட்டு ஒப்பேற்றினார்கள்.

காத்திருப்பது ஏன் என்றால், ஊற்றுக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றையே இறைத்துவிட்டால் மறுபடி ஊற நேரமாகும். பழைய முறை ஒவ்வொரு வரிக்கும் உடம்பில் இருக்கும் காந்தச் சக்தி முழுவதையும் இறைத்தது. 1985-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்த யென்ஸ் ஃப்ராம், ஆக்செல் ஹாசே, மத்தேய் ஆகியோர் 'ஒரு வாளி மட்டும் எடுப்போம்' என்ற வழியைப் பிடித்தார்கள். சக்தியை முழுசாகச் சாய்க்காமல் சின்னக் கோணத்தில் சாய்த்துக் கொஞ்சமாக எடுத்தால், மீதி கிணற்றிலேயே இருக்கும். உடனே அடுத்த வரிக்குப் போகலாம். இதற்குப் பெயர் ஃப்ளாஷ். அரை நொடிக் காத்திருப்பு சில மில்லிநொடியாகச் சுருங்கியது.

அதே காலத்தில் ஃப்ரைபர்க் நகரில் யூர்கன் ஹென்னிக் வேறு பக்கமிருந்து வந்தார். ஒரு தடவை இறைத்ததிலிருந்தே பல வரிகளைப் படிப்பது அவர் வழி. இன்று ஈரலின் ஒரு வெட்டை ஒரு நொடியையொட்டி எடுத்து முடிக்கும் ஹேஸ்ட் என்ற முறை அந்த வழியில் வந்தது. மூச்சை அடக்கவே முடியாதவர்களுக்கு நாங்கள் முதலில் ஓடுவது அதனிடம்தான்.

1999-ல் நியூயார்க்கிலிருந்து 'வைப்' என்ற முறை வந்தது. ஈரல் முழுவதையும் ஒரே பாளமாக, முப்பரிமாணத்தில், ஒரு மூச்சுக்குள் எடுப்பது. கம்பெனிக்குக் கம்பெனி லாவா, திரைவ் என்று பெயர் மாறும், சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். இதன் கணக்கைப் பாருங்கள். ஒரு வரிக்கு 4 மில்லிநொடி. 160 வரிகள், 60 அடுக்குகள். பெருக்கினால் 38 நொடி வருகிறது. இது இன்னும் அதிகம். இங்கே உதவிக்கு வருவது உங்கள் வயிற்றின்மேல் நாங்கள் கட்டுகிற கனமான 'காயில்', அதாவது உடம்பிலிருந்து வரும் சிக்னலை வாங்குகிற ஆன்டெனா. அதற்குள் பல சின்னக் காயில்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஈரலை வேறு கோணத்திலிருந்து பார்க்கிறது. அதனால் ஒரு வரி விட்டு ஒரு வரி எடுத்தால் போதும், விட்டுப்போனதைக் காயில்களின் பார்வை வேறுபாட்டை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். சூரிச்சில் கிளாஸ் புரூஸ்மன் குழு 1999-ல் வெளியிட்ட சென்ஸ், 2002-ல் மார்க் கிரிஸ்வோல்ட் குழு வெளியிட்ட கிராப்பா, இரண்டும் செய்வது இதைத்தான். 38 பாதியாகி 19 ஆகும். தகவலில் இருக்கும் சமச்சீரைப் பயன்படுத்திக் கால்பங்கைத் தவிர்த்தால் 14 சொச்சம். நான் மைக்கில் சொல்லும் 15 நொடி அதுதான்.

மூச்சை இழுத்து அடக்குவதா, விட்டுவிட்டு அடக்குவதா?

இரண்டு வழக்கமும் உண்டு. இழுத்து அடக்கினால் நிறைய நேரம் தாங்கும். ஆனால் முதல் தடவை முக்கால் மூச்சு, அடுத்த தடவை முழு மூச்சு என்று அளவு மாறும், ஈரலும் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நிற்கும். விட்டுவிட்டு அடக்கினால் உதரவிதானம் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பி வரும். முடிந்தவர்களிடம் நான் விட்டு அடக்கத்தான் சொல்வேன். பலூன் மாதிரி முழுக்கக் காலியாக்க வேண்டாம். ஒரு பெருமூச்சு விட்டு முடித்ததும் உடம்பு தானாக ஒரு இடத்தில் நிற்குமே, அங்கே நின்றால் போதும்.

இதில் தமிழே எங்களுக்கு ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. 'மூச்சு விடுங்க' என்றால் காற்றை வெளியே தள்ளுவதும் ஆகும், சும்மா சுவாசிப்பதும் ஆகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் 'மூச்சை இழுங்க, விடுங்க, நிறுத்துங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் 'விடுங்க' என்றதும் சாதாரணமாகச் சுவாசிக்கத் தொடங்கிவிட்டார். 'நிறுத்துங்க' என்றபோது பாதி மூச்சு உள்ளே போயிருந்தது. திரையில் அவருடைய ஈரல் ஒவ்வொரு படத்துக்கும் லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கியது. ஊசி மருந்து போட்ட பிறகான படங்களும் அப்படியே போயின. மருந்தைத் திரும்ப உறிஞ்சி எடுக்க முடியாதே, இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டியதாயிற்று. தப்பு அவருடையது இல்லை, என் வாக்கியத்துடையது.

'மூச்சைப் பிடிங்க' என்றால் சிலர் மூச்சுப்பிடிப்பா என்று பயப்படுகிறார்கள். 'நிறுத்துங்க' என்ற சொல்லே வயதானவர்களுக்கு அபசகுனமாகப் படுகிறது. இப்போது நான் சொல்வது இதுதான்: 'காத்தை வெளியே ஊதுங்க. அப்படியே தம் கட்டுங்க.' முடிந்ததும்: 'போதும், இனி இஷ்டம்போல மூச்சு வாங்கிக்கோங்க.' 'தம் கட்டு' என்ற சொல்லுக்கு நான் பார்த்தவரை யாரும் விளக்கம் கேட்டதில்லை. கிணற்றில் குதித்தவர்கள், சாக்கடைப் பக்கம் நடந்தவர்கள், எல்லோருக்கும் தெரியும்.

சில மெஷின்களில் பதிவு செய்த குரல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தானாக ஓடும். புரியவில்லை என்றால் உள்ளே போவதற்கு முன்பே சொல்லுங்கள், டெக்னீஷியன் மைக்கில் பேசுவார். வெளியே நாற்காலியில் வைத்து இரண்டு தடவை ஒத்திகை பார்க்கச் சொல்லியும் கேளுங்கள். அந்த ஐந்து நிமிடத்தைவிடப் படத்துக்கு நல்லது செய்கிற பொத்தான் என் கீபோர்டில் கிடையாது.

நான் அடக்கியிருக்கிறேனா இல்லையா என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியும். வயிற்றில் கட்டுகிற பெல்ட் உங்கள் மூச்சை அலையாகத் திரையில் காட்டும். அலை தட்டையானால் அடக்கியிருக்கிறீர்கள். கடைசி 3 நொடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவதும் தெரியும். ஒரு பாட்டிக்கு, படம் முடிந்தும் நான் 'போதும்' சொல்ல மறந்து அடுத்ததைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அலை தட்டையாகவே போகிறது. அப்புறம் ஸ்பீக்கரில் குரல்: 'தம்பி, மறந்துட்டியா?'

எனக்கு இளைப்பு இருக்கிறது. 15 நொடி முடியவே முடியாது.

முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் விட்டுவிடுவதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது. சொன்னால் அடுக்குகளைக் குறைத்தோ, நுணுக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோ 8, 10 நொடிக்குள் முடிக்கிற மாதிரி மாற்றலாம். மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் பலருக்குச் சில நொடிகள் கூடும். அடக்குவதற்கு முன் இரண்டு மூன்று ஆழ்ந்த மூச்சு வாங்குவதும் உதவும். 10 நொடி அசையாமல் அடக்குகிறவர், 20 நொடி முயன்று 14-வது நொடியில் இருமுகிறவரைவிட நல்ல படம் தருகிறார்.

வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு மல்லாந்து படுப்பதே கஷ்டம். அன்றைக்கு நீர் எடுக்கிற திட்டம் இருந்தால், எடுத்த பிறகு ஸ்கேன் வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மூச்சை அடக்காமலே எடுக்க வழி இல்லையா?

இருக்கிறது. உதரவிதானத்தின் அசைவைப் பின்தொடர்ந்து, அது ஒரே இடத்துக்கு வரும்போது மட்டும் தகவல் எடுப்பது ஒரு வழி. பித்தக்குழாய்களைப் பார்க்கும் எம்ஆர்சிபி-யின் முப்பரிமாணப் படம் பெரும்பாலும் இப்படித்தான். சீராக மூச்சு விடுகிறவருக்குச் சில நிமிடங்களில் முடியும், தாறுமாறாக விடுகிறவருக்கு இழுத்தடிக்கும். இன்னொரு வழி, வரிகளை இணைகோடுகளாக எடுக்காமல் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி எடுப்பது. ஒவ்வொரு ஆரமும் நடுப்புள்ளியைத் தொட்டுப் போவதால் அசைவின் கறை பேயாக எழாமல் லேசான கீற்றுகளாகச் சிதறிவிடும். குழந்தைகளுக்கும், சுயநினைவு குறைந்தவர்களுக்கும் இது வரப்பிரசாதம்.

அப்படியென்றால் எல்லோருக்கும் அதையே எடுக்கலாமே என்பீர்கள். நேரம் அதிகமாகும், விளிம்புகள் கொஞ்சம் மழுங்கும். நன்றாக அடக்குகிறவரின் 15 நொடிப் படத்தின் கூர்மைக்கு முன் அவை நிற்பதில்லை என்பது என் கண்ணுக்குப் பட்டது. கடந்த சில ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவை வைத்துப் படத்தைக் கட்டியெழுப்பும் மென்பொருள்கள் மெஷினோடு வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றால் அடக்கும் நேரமே இன்னும் சுருங்குகிறது.

ஊசி மருந்து போட்டதும் ஏன் அவ்வளவு பரபரப்பாகிறீர்கள்?

ஈரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் குழாய் வழியாக, கால் பங்கு தமனி வழியாக. ஈரல் புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் தமனியிலிருந்து குடிப்பவை. காடோலினியம் மருந்து கையில் ஏறியதும் முதலில் தமனிக்கு வரும். அந்தச் சில நொடிகளில் கட்டி பளிச்சென்று தெரியும், சுற்றியுள்ள ஈரல் இன்னும் மங்கலாக இருக்கும். ஒரு நிமிடம் தாண்டினால் ஈரல் வெளுத்துவிடும், கட்டி கருக்கத் தொடங்கும். ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு இந்தப் 'பளிச்–கருப்பு' மாற்றம் தெளிவாகத் தெரிந்தால், ஊசி குத்திச் சதை எடுக்காமலே புற்று என்று முடிவுக்கு வர முடிகிற நிலைமைகள் உண்டு. சாதாரண ரத்தக்குழாய்க் கட்டியான ஹெமாஞ்சியோமா வேறு மாதிரி, ஓரத்திலிருந்து திட்டுத்திட்டாக நடுவை நோக்கி மெல்ல நிரம்பும்.

ஆக, மொத்தப் பரிசோதனையில் திரும்ப எடுக்க முடியாத ஒரு மூச்சு உண்டென்றால் அது இந்தத் தமனி நேரத்து மூச்சு. அதற்கு முன் நான் மைக்கில் 'இதுதான் முக்கியமானது' என்று சொல்வேன். அதுவரை கண்ணை மூடித் தூங்கியிருந்தாலும் பரவாயில்லை, அப்போது முழித்துக்கொள்ளுங்கள்.

பிரிமோவிஸ்ட் என்ற ஊசி மருந்து போட்டபோது ஒரு தடவை மட்டும் மூச்சு அடக்கவே முடியவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

இது தெரிந்த விஷயம்தான். இந்த மருந்து போட்ட உடனே, சரியாகத் தமனி நேரத்தில், சிலருக்குச் சில நொடிகள் மூச்சு முட்டுவதுபோல இருக்கும். அடுத்த படத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். முக்கியமான மூச்சிலேயே இது வருவது எங்கள் தலையெழுத்து. சிலர் மருந்தை மெதுவாக ஏற்றுகிறார்கள், சிலர் அந்த நேரத்தில் ஒரே மூச்சுக்குள் இரண்டு மூன்று குட்டிப் படங்களாக எடுத்து எது தேறுகிறதோ அதை வைத்துக்கொள்கிறார்கள். அது தாண்டியும் மூச்சுத்திணறல் நீடித்தாலோ, அரிப்பு, தடிப்பு, முகவீக்கம் வந்தாலோ கையில் கொடுத்திருக்கும் பந்தை உடனே அமுக்குங்கள். அது ஒவ்வாமையாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

இந்த மருந்தில் சுமார் பாதியை ஈரல் செல்களே உறிஞ்சிப் பித்தத்தில் விடுகின்றன. அதனால்தான் 20 நிமிடம் கழித்து இன்னொரு படம். நல்ல ஈரல் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும், ஈரல் செல் வேலை செய்யாத இடம் கருப்பாக நிற்கும்.

கிட்னிக்குக் கெடுதலா? கதிர்வீச்சு உண்டா?

எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே இல்லை, அதனால் அந்தக் கதிர்வீச்சு இல்லை. மருந்தைப் பொறுத்தவரை, கிட்னி மிகவும் பழுதடைந்தவர்களுக்குத் தோல் இறுகும் ஒரு அரிய நோயோடு சில பழைய காடோலினியம் மருந்துகளுக்குத் தொடர்பு இருப்பது 2006-ல் தெரியவந்தது. டயாலிசிஸில் இருந்தாலோ, ரத்தப் பரிசோதனையில் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கூடியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார்கள்.

'ஃபேட்டி லிவர்' எவ்வளவு என்று அளக்க முடியுமாமே?

ஒரே மூச்சில் முடியும். கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜனும் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனும் சற்றே வேறு வேகத்தில் சுழல்கின்றன. 1.5 டெஸ்லா மெஷினில் (டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமையை அளக்கும் அலகு) 2.3 மில்லிநொடியில் எதிரெதிராக நிற்கும், 4.6-ல் சேர்ந்து நிற்கும். எதிராக நிற்கும்போது எடுத்த படத்தில் கொழுப்பு ஈரல் கருத்துப்போகும். 1984-ல் தாமஸ் டிக்சன் காட்டிய வித்தை இது. இப்போது பல நேரங்களில் அளந்து கொழுப்பின் சதவீதத்தையே எண்ணாகத் தருகிறோம். 5-ஐத் தாண்டினால் கொழுப்பு ஈரல் என்பது பொதுவான கோடு. அதே மூச்சில் இரும்புச் சத்தையும் அளக்கலாம். தலசீமியாவுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க எலாஸ்டோகிராஃபி. வலது விலாவின்மேல் ஒரு தட்டை வைத்து நொடிக்கு 60 தடவை அதிரவைப்போம். மசாஜ் நாற்காலி மாதிரி இருக்கும், வலிக்காது. அதிர்வலை ஈரலில் எப்படி ஓடுகிறது என்பதை மூச்சு அடக்கிய படத்தில் பிடிக்கிறோம். மேயோ கிளினிக்கிலிருந்து 1995-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த இதன் முதல் கட்டுரையில், முதல் பெயர் முத்துப்பிள்ளை. நம்மூர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், அவ்வளவுதான்.

3 டெஸ்லா மெஷினில்தான் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நல்ல 1.5 டெஸ்லா ஈரலுக்குத் தாராளமாகப் போதும். வயிற்றில் நிறைய நீர் இருந்தால் 3 டெஸ்லாவில் படத்தின் நடுவில் கருநிழல் விழும், அப்போது 1.5 தான் மேல்.

தாலியைக் கழற்ற வேண்டுமா? வெறும் தங்கம்தானே?

தங்கத்தைக் காந்தம் இழுக்காதுதான். ஆனால் தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்குகள்? அவை இரும்பு. இரண்டு மூன்றாவது இருக்கும், கேட்டால் 'அட, அது ஞாபகமே இல்லை' என்பார்கள். அரைஞாண் கயிற்றில் இருக்கும் தாயத்து, கொலுசு, மெட்டி, தலையில் ஹேர்பின், எல்லாம் வெளியே. கழற்ற மனம் ஒப்பாதவர்கள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன், நல்ல யோசனை. மெட்டி இறுகிக் கழலவில்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். பேஸ்மேக்கர், பழைய ஆபரேஷனில் வைத்த கிளிப், உடம்புக்குள் இருக்கும் எந்த உலோகமானாலும் முன்பே சொல்லி, அதற்குக் கொடுத்த அட்டையைக் கொண்டுவாருங்கள்.

சாப்பிட்டுவிட்டு வரலாமா?

4 மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி இறுக்க அளவும் மாறும். எம்ஆர்சிபி என்றால் சில இடங்களில் அன்னாசிச் சாறு குடிக்கச் சொல்வார்கள். அதிலுள்ள மாங்கனீஸ் வயிற்று நீரைப் படத்தில் கருப்பாக்கிப் பித்தக்குழாயைத் தெளிவாக விடும். அவர்கள் சொன்னால் மட்டும் குடியுங்கள்.

ரிப்போர்ட்டில் 'மோஷன் ஆர்டிஃபேக்ட்' என்று இருக்கிறது. திரும்ப எடுக்க வேண்டுமா?

அசைவால் படத்தில் விழுந்த கறையைத்தான் அப்படி எழுதுவார்கள். எந்தப் படம் கெட்டது என்பதைப் பொறுத்தது. ஒரு சாதாரண வரிசை கலங்கியிருந்தால் மற்றவற்றை வைத்தே டாக்டர் முடிவு சொல்லிவிடுவார். தமனி நேரத்துப் படம் கெட்டு, கேள்வியும் கட்டியைப் பற்றியதாக இருந்தால், இன்னொரு நாள் எடுப்பதோ சி.டி. எடுப்பதோ தேவைப்படலாம். சி.டி. சில நொடிகளில் ஈரலைத் தாண்டிவிடும், மூச்சுச் சிக்கல் உள்ளவர்களுக்கு அது சில நேரம் நல்ல மாற்று. எழுதிய ரேடியாலஜிஸ்டிடமே கேட்கச் சொல்லி உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். திரும்ப எடுக்க வந்தால், போன தடவை எந்த இடத்தில் மூச்சு நழுவியது என்பதை டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டுப் படுங்கள்.